அதே மாதிரி இன்னொரு ரைபிள்

எங்கள் வீட்டில் ஒரு ரைபிள் இருந்தது. மாப்பிள்ளையூரணிப் பக்கம் உப்பளம் வாங்கிய புதிதில், முயல் வேட்டை ஆசையில் லைசென்ஸ் எடுத்து வாங்கினேன். ஆனால் என்னைவிட என் மனைவிதான் அதை அதிகம் எடுத்தாள்.

விளையாட்டாகத்தான் சுடச் சொல்லிக் கொடுத்தேன். உயிரைச் சுட மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். உப்பளக் கரையில் சிரட்டைகளை வரிசையாக வைத்து, மண்ணில் படுத்துக்கொண்டு சுடுவாள். ஒரே மாதத்தில் நான் குறி தவறிய சிரட்டையை அவள் உடைக்க ஆரம்பித்தாள். அளத்துப் பெண்கள் உப்புக் கூடையை இறக்கி வைத்துவிட்டு வேடிக்கை பார்ப்பார்கள்.

யுத்தம் வந்ததும் தோட்டாவுக்குத் தட்டுப்பாடு. கிடைத்த கொஞ்சத்தை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொள்வோம். நான் சுடும்போது அவள் பொறுமையில்லாமல் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள்.

"சண்ட முடியட்டும். எனக்குன்னு ஒண்ணு வாங்கித் தாங்க. வேற எதுவும் வேண்டாம், இதே மாதிரிதான் வேணும். கை பழகிட்டுல்லா?" என்பாள்.

சண்டை முடிந்தது. அவளுக்கு இருமல் வந்தது. முதலில் உப்புக் காற்று என்றோம். பிறகு டாக்டர் காச நோய் என்றார். மாடி அறையில் கடலைப் பார்த்த ஜன்னலோரம் அவளுக்குக் கட்டில் போட்டோம். சுதந்திரம் வந்த அன்று தெருவில் ஊர்வலம் போனபோது, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தாள். அதன்பின் அவள் அதிகமாக எழுந்து நிற்கவில்லை.

அந்த வருஷக் கடைசியில், கப்பல் கம்பெனியில் வேலை பார்த்த ஒரு வெள்ளைக்காரர் என் பண்டகசாலைக்கு வந்தார். முன்பு என்னோடு சில தடவை வேட்டைக்கு வந்தவர்; அவள் சிரட்டை சுடுவதையும் பார்த்திருக்கிறார். ஊருக்குத் திரும்பிப் போவதாகவும், தன் ரைபிளை விற்க நினைப்பதாகவும் சொன்னார். "உங்களுடையதும் அதே ரகம்தானே? உங்க வீட்டம்மாவுக்குப் பிடிக்குமே" என்றார். அவள் படுத்திருப்பது அவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை.

அவர் பங்களாவுக்குப் போய்ப் பார்த்தேன். அதே நீளம், அதே மரம். தோளில் வைத்தால் எங்கள் வீட்டுத் துப்பாக்கி போலவே உட்கார்ந்தது. சனிக்கிழமை சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

கணக்கப்பிள்ளையிடம் மட்டும் பேச்சுவாக்கில் கேட்டேன். "ஒரே மாதிரி ரெண்டு எதுக்கு அண்ணாச்சி? வாங்குறதுன்னா பன்னிக்கு ஆகுற மாதிரி பெருசா ஒண்ணு வாங்குங்க" என்றார். அவர் சொன்னதில் தவறில்லை. என் கவலை வேறு. வாங்கினால், சாகப்போகிறவளின் ஆசையைத் தீர்க்கிறான் என்று அவள் நினைத்துவிடுவாள். வாங்காமல் விட்டு, பின்னால் அவளுக்குத் தெரிந்தால், இனிப் பிழைக்க மாட்டாள் என்று முடிவுகட்டிவிட்டான் என்று நினைப்பாள். எதைச் செய்தாலும் அவள் மனம் நோகும்.

வீட்டுக்குப் போய் எதுவும் சொல்லாமல் கஞ்சிக் கிண்ணத்தை நீட்டினேன். அவள் என் கையைப் பிடித்து முகர்ந்தாள்.

"எங்க போயிருந்திய? துப்பாக்கி எண்ண வாசம் அடிக்கி. நம்ம துப்பாக்கிய நீங்க தொட்டே ரொம்ப நாளாச்சே?"

மறைக்க முடியவில்லை. சொன்னேன். அவள் போல்ட் இறுக்கமாக இருக்கிறதா, குழலில் துரு உண்டா என்று ஒவ்வொன்றாக விசாரித்தாள். அப்புறம், "கொண்டாரச் சொல்லுங்க, பாப்போம்" என்றாள்.

மறுநாள் சாயங்காலம் வெள்ளைக்காரரே எடுத்துக்கொண்டு வந்தார். அறை வாசலில் அவளைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். இரண்டு ரைபிளையும் கட்டிலில் கிடத்தச் சொன்னாள். கண்ணை மூடிக்கொண்டு இரண்டின் அடிக்கட்டையையும் தடவி, "இது நம்மளது" என்றாள். ஒருமுறை அவள் கீழே போட்டதில் சில்லு பெயர்ந்த தடம் அதில் இருந்தது.

பிறகு புதியதை எடுத்தாள். நான் தாங்கப் போனேன். "விடுங்க" என்றாள். தலையணையில் சாய்ந்தபடி தோளில் வைத்து, கன்னத்தை ஒட்டி, ஜன்னல் வழியாகத் தூரத்தில் நின்ற ஒரு தோணியின் பாய்மரத்தைக் குறிபார்த்தாள். அந்தச் சில நொடி அவள் முகம் பழைய முகமாக இருந்தது. அப்புறம் குழல் மெல்லத் தாழ்ந்து மெத்தையில் பட்டது. வெள்ளைக்காரர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்ல ரைபிள்னு அவர்ட்ட சொல்லுங்க" என்றாள். என்னைப் பார்த்து, "வேண்டாம்" என்றாள்.

அவர் போனபின் கட்டிலருகே உட்கார்ந்தேன்.

"உனக்குப் பிடிச்சிருக்குல்லா? வாங்குதேனே."

"நான் போன பெறவு ரெண்டையும் வச்சிக்கிட்டு என்ன செய்விய? ஒண்ணத் தொடச்சா இன்னொண்ணையும் தொடைக்கணும்லா. ஒண்ணே போதும்."

எங்களுக்குள் அந்தப் பேச்சு வந்தது அதுதான் முதல் தடவை. அதுவரை வீட்டில் எல்லோரும் 'சரியாயிரும்' என்றே சொல்லிக்கொண்டிருந்தோம். நான் அவள் காலடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதேன். அவள் அழவில்லை. என் தலைமயிரைக் கோதிக்கொண்டே, "ஏன், இப்ப என்ன? இருக்கேம்லா?" என்றாள்.

சனிக்கிழமை போய் வேண்டாம் என்று சொன்னேன். வெள்ளைக்காரர் ஏன் என்று கேட்கவில்லை. அந்த ரைபிளைத் திருச்செந்தூர்ப் பக்கம் யாரோ வாங்கிக்கொண்டதாகப் பின்னால் கேள்விப்பட்டேன்.

பங்குனியில் அவள் போய்விட்டாள். அடுத்த முறை நான் லைசென்ஸைப் புதுப்பிக்கவில்லை. ரைபிளைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு நடந்தே வீட்டுக்கு வந்தேன்.

அவள் தெளிவாகத்தான் சொன்னாள், நானும் அவள் சொன்னபடிதான் செய்தேன். ஆனாலும் ஒரு சந்தேகம் இன்றுவரை தீரவில்லை. வேண்டாம் என்று அவள் சொன்னபோது, 'நீ சும்மா இரு, நான் வாங்கத்தான் போறேன்' என்று நான் அதட்ட வேண்டும் என்று காத்திருந்தாளோ என்னவோ. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். நான் கேட்கவில்லை.