அருவாமணையில் நகம்

நைனாவுக்குச் சர்க்கரை வந்த பிறகு அவர் கால் நகங்களை நான்தான் வெட்டுகிறேன். நேற்று நகவெட்டியின் 'டக்' சத்தத்தில், பெருநகர் கிராமத்தில் நாங்கள் முன்பு இருந்த வீடு கண்முன் வந்தது.

நாற்றுப் பறிக்கும் நாட்களில், சேற்றில் ஊறிய நகம் இளகியிருக்கும்போதே நைனா வெட்டிவிடுவார். ஒரு காலால் அருவாமணையை மிதித்துக்கொண்டு, மறுகாலின் கட்டைவிரலை அதன் அலகில் வைத்துக் கத்திரிக்காய் அரிவதுபோல் இழுப்பார். சேற்று வாடையும் இரும்பு வாடையும் கலந்து வரும்.

"இன்னாய்யா பண்ணிக்கினு கீற? அதுலதான் நான் கொயம்புக்கு அரியணும்!" என்று ஒருநாள் அம்மா கத்தினாள்.

"வெரலு என்னுதுதானே?"

"அறுத்துக்கினா நாளைக்கு எவன் சேத்துல எறங்குவான்? நம்ம வூட்டு அடுப்பு எப்டி எரியும்?"

அம்மா அவர் காலைத் தன் மடியில் இழுத்துவைத்து, பாதி பிளேடால் வெட்டினாள். அருவாமணைக்கு அஞ்சாதவர், "மெதுவாடி, மெதுவாடி" என்று கண்ணை மூடிக்கொண்டு அலறினார். மறுநாள் முழு விரலோடு சேற்றில் இறங்கினார். அம்மாவுக்குக் கண் மங்கும்வரை அது அவள் வேலையாகவே இருந்தது.

நேற்று நான் முடித்ததும் நைனா விரல்களைத் தடவிப் பார்த்தார். "ஒங்கம்மா வெட்னா இன்னும் சுத்தமா இருக்கும்" என்றார்.

உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது: "இத சொல்றதுக்கு இத்தினி வருசமாச்சா ஒனக்கு?"