ஒருவனுக்கு ஈடாக இருவர்

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோக வேண்டும். பெண் வெளியூர் என்றால் அவனும் வெளியூர்க்காரன். ஆகவே எங்கள் கூடைப்பந்துக் கழகத்தின் உயிராக இருந்தவனுக்கு அக்கரைப்பற்றில் பெண் பேசி முற்றாகிவிட்டது என்று கேள்விப்பட்டதும், அவன் இனி நமக்கில்லை என்றே முடிவு கட்டினோம். மாவட்டப் போட்டி வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. அவன் இல்லாவிட்டால் முதல் ஆட்டத்திலேயே மண் கவ்வுவோம்.

ஒரு கழகத்துக்காரன் இன்னொன்றுக்கு ஆட வேண்டுமென்றால் பழைய கழகம் விடுதலைக் கடிதம் கொடுக்க வேண்டும். கொடுத்தால் அந்தப் பருவம் முழுக்கத் திரும்ப எடுக்க முடியாது. பெண் வீட்டில் சுண்ணாம்பு அடித்து முடியுமுன்னே அக்கரைப்பற்றின் இரண்டு கழகங்கள் அந்தக் கடிதத்துக்காக எங்களிடம் வந்துவிட்டன. செயலாளர் நான். பேரம் பேசுவது என் தலையில் விழுந்தது.

முதலாம் கழகம் ஒரு நெட்டையனைத் தருவதாகச் சொன்னது. எட்டினால் வளையம் கைக்குள் வரும். கலியாணம் ஆகிவிட்டதா என்று கேட்டேன். பேச்சுக்கால் நடக்கிறதாம், அதுவும் பொத்துவிலில். இன்றைக்கு வாங்கி நாளைக்குப் பொத்துவிலுக்குத் தாரை வார்க்கவா? வேறு ஆளைப் பாருங்கள் என்று அனுப்பிவிட்டேன். மற்றக் கழகம் அண்ணன் தம்பி இருவரைத் தர முன்வந்தது. மூத்தவன் மருதமுனையில் பெண் எடுத்து ஏற்கெனவே இந்தப் பக்கம் வந்துவிட்டவன். இளையவனுக்கு இன்னும் மீசையே அரும்பவில்லை, கலியாணப் பயம் கிடையாது; அண்ணன் வீட்டில் தங்கி ஆடுவான்.

இதற்கிடையில் எங்கள் மாப்பிள்ளை கலியாணக் கார்டோடு வந்தான்.

"நானா, ஒரு விசயம் கதைக்கணும்" என்று என்னை அண்ணன் முறையில் அழைத்தான்.

"மாப்புளக்கி இப்ப என்னடா கதை? போய்க் கலியாண அலுவலப் பாரு. உன்ட விசயத்த நாங்க பாத்துக்குவம்" என்றேன்.

எல்லோரும் சிரித்தோம். அவனும் சிரித்துவிட்டு, கார்டை மேசையில் வைத்துவிட்டுப் போனான். அந்தக் கிழமையே விடுதலைக் கடிதத்தில் கையெழுத்து வைத்தோம். "ஒண்டக் குடுத்து ரெண்டு எடுத்திருக்கம் மச்சான், இன்னம் என்ன வேணும்?" என்றார் தலைவர். எனக்கும் தலைகால் புரியாத பெருமைதான். கலியாணத்தில் அக்கரைப்பற்றுக் கழகத்தாரோடு ஒரே சகன் தட்டைச் சுற்றி உட்கார்ந்து கைபோட்டுச் சாப்பிட்டோம்.

கலியாணம் முடிந்து சில நாட்களில், பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு மைதானத்தில் நின்றபோது அவனுடைய பைக் வந்தது. எங்கள் கழகத்து ஆட்டச் சட்டையை, தன் ஏழாம் நம்பர் ஜேசியை, போட்டிருந்தான்.

"என்ன மாப்புள, இஞ்சால?" என்றார் தலைவர்.

"பிரக்டிசுக்கு. அதத்தான் அண்டைக்குச் சொல்ல வந்தன். மாமாக்கிட்டக் கேட்டுட்டன், பின்னேரத்தில வந்து போகட்டாம். இருக்கிறதுதான் அங்க. விளையாடுறது இஞ்சதான் நானா."

யா அல்லாஹ்! பைக்கில் ஒரு மணித்தியாலம்கூட இல்லாத ஊர். மாப்பிள்ளை என்றதும் எங்களில் ஒருவருக்காவது இதைக் கேட்கத் தோன்றவில்லை. தலைவர் தரையைப் பார்த்தார். நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"கடிதம் குடுத்திட்டம் தம்பி."

இளையவன் பந்தைத் தட்டிக்கொண்டு எங்களைக் கடந்து ஓடினான். மாப்பிள்ளை அந்த முதுகில் இருந்த எண்ணைப் பார்த்தான்.

"ஏழாம் நம்பரையும் குடுத்திட்டீங்களா?"

"ஓம்" என்றேன்.

அவன் ஜேசியைக் கழற்றினான். மடித்து என் கையில் வைத்தான். பிறகு பைக்கை எடுத்துக்கொண்டு, புது மாப்பிள்ளை, பனியனோடு மாமியார் வீட்டுக்குத் திரும்பிப் போனான்.