பந்தைப் போட்டுவிட்டு ஓடு

எம். புதுப்பட்டிப் பள்ளியில் கற்பகவல்லி பதினோரு வருடமாகக் கால்பந்து சொல்லிக்கொடுக்கிறாள். இத்தனை வருடத்தில் அவளுடைய பிள்ளைகள் வென்றது ஒரே ஒரு கோப்பை. அந்தப் போட்டிக்கு வந்ததே நான்கு அணிகள்தான். அவளைப் பெரிய பயிற்சியாளர் என்று சொல்ல முடியாது. அவளும் சொல்லிக்கொள்வதில்லை.

காரியாபட்டிக்காரி. விருதுநகரில் கல்லூரி படிக்கும்போது எண்ணூறு மீட்டர் ஓடியவள். பல்கலைக்கழகப் போட்டியில் நான்காவதாக வந்தாள்; மூன்றாவதாக வந்தவளின் முதுகில் இருந்த எண் இன்றைக்கும் மனப்பாடம். உடற்கல்விப் படிப்பு முடித்து இங்கே வேலைக்கு வந்த அன்று, ஓடுதளத்தைத் தேடினாள். சீமைக்கருவேல மரங்களுக்கு நடுவே ஒரு பொட்டல்தான் இருந்தது. தலைமையாசிரியர் ரத்தினசாமி சமாதானம் சொன்னார்.

"டிராக்கெல்லாம் இங்கன கிடையாதும்மா. ரெண்டு கோல் போஸ்ட் இருக்கு, ஒரு பந்து இருக்கு. உங்களுக்கு ஓடத் தெரியும்ல? ஃபுட்பால்ல முக்காவாசி அதான்."

மீதிக் கால்வாசியைக் கற்க அவளுக்கு மூன்று வருடம் பிடித்தது. காலி வெடிப் பெட்டிகளைத் தரையில் ஆட்களாக நிறுத்தி, செல்போனில் ஆட்டத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, ஆஃப்சைடு விதியைப் புரிந்துகொண்டாள். தெரியாததைப் பிள்ளைகளிடம் தெரியாது என்றே சொல்வாள். பாராட்டத்தான் வேண்டுமென்றால் இதைப் பாராட்டலாம்.

போன வருடம் ஒன்பதாம் வகுப்பு பிரீத்திகாவை கோல்கீப்பராக நிறுத்தினாள். நல்ல உயரம், நீண்ட கை. ஆனால் பந்து வேகமாக வந்தால் விலகி ஓடிவிடுவாள். கற்பகவல்லி ஆறு மாதம் மெனக்கெட்டு அதை மாற்றினாள். பந்தை எதிர்கொண்டு பாயக் கற்றுக்கொண்டாள் பிரீத்திகா. ஐப்பசியில் நடக்கிற போட்டிக்கு அரசு விளையாட்டு விடுதிக்கு ஆள் எடுப்பவர்கள் வருவார்கள். அவளை எடுக்க வாய்ப்பிருந்தது.

அந்த நேரத்தில்தான் பிரீத்திகாவின் அம்மா சின்னத்தாய், பட்டாசு கம்பெனியில் வேலை முடிந்து தூக்குவாளியோடு நேரே மைதானத்துக்கு வந்தாள்.

"டீச்சர், நாளையிலருந்து இவளை கோல்ல நிப்பாட்டாதீக."

"ஏன்க்கா, அடி கிடி பட்டுருச்சா?"

"அடி பட்டா ஆறிரும். நேத்து அடுப்புல எண்ணெச் சட்டி சரிஞ்சுச்சு. விலகி ஓடாம, பிடிக்கப் பாய்றா! யாரு சொல்லிக் குடுத்தது?"

சின்னத்தாய் வேலை பார்ப்பது வெடிக்குள் மருந்து செலுத்துகிற அறையில்.

"ரெண்டு வருசத்துக்கு முன்னால பக்கத்து ரூம்ல தீப்பிடிச்சது. கையில இருந்ததப் போட்டுட்டு ஓடுனேன். திரும்பிப் பாக்கல. அதனாலதான் இப்ப உங்க முன்னாடி நிக்கேன். படிப்ப முடிச்சா இவளும் எங்கூட அங்கனதான் வரணும். அங்கன வந்து பாய்ஞ்சா?"

"விடுதில எடுத்துட்டா அங்கன போக வேண்டாம்லக்கா."

"கண்டிப்பா எடுத்துருவாகளா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். எல்லா வாத்தியார்களும் சொல்வார்கள். "தெரியலக்கா" என்றாள் கற்பகவல்லி.

இரண்டு நாள் அதே யோசனை. தான் சொல்லிக்கொடுத்தது விளையாட்டு என்று நினைத்திருந்தாள். உடம்போ மைதானம் எது, அடுப்படி எது என்று பிரித்துப் பார்ப்பதில்லை. கற்றுக்கொடுப்பவள் கோட்டுக்குள் நின்றுவிடலாம். கற்றது நிற்பதில்லை. அதற்கு யார் பொறுப்பு? பிரீத்திகாவை கோலிலிருந்து எடுத்துவிடுவது எளிது. ஆனால் அந்தப் பிள்ளைக்கு வேறெதிலும் அவ்வளவு சந்தோஷம் இருந்து அவள் பார்த்ததில்லை.

மூன்றாம் நாள் சின்னத்தாயை அழைத்து, ஒரு தகர மூடியையும் கரண்டியையும் கையில் கொடுத்தாள். ஒரு மாசம் பார்ப்போம், சரிவராவிட்டால் நிறுத்திவிடலாம் என்று பேச்சு. பயிற்சி நடுவே எப்போது வேண்டுமானாலும் சின்னத்தாய் பின்னாலிருந்து தட்டுவாள். சத்தம் கேட்டதும் பிரீத்திகா கையிலிருப்பதைப் போட்டுவிட்டு எல்லைக் கோட்டைத் தாண்டி ஓட வேண்டும்.

"திரும்பிப் பாக்காத! பந்து என்ன உங்கப்பன் வீட்டுச் சொத்தா? போட்டுட்டு ஓடு புள்ள!" என்று கத்துவாள் சின்னத்தாய்.

மற்ற பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சின்னத்தாய்க்கு இரக்கமே கிடையாது. பிள்ளை தண்ணீர் குடிக்கும்போதும் தட்டினாள்.

போட்டி விருதுநகரில். எதிரணி காரியாபட்டி, அதன் பயிற்சியாளர் ஜெயச்சந்திரன் கற்பகவல்லியோடு கல்லூரியில் ஓடியவன். பிரீத்திகா ஐந்து பந்துகளைப் பாய்ந்து பிடித்தாள். இரண்டு பக்கமும் கோல் இல்லை. தேர்வுக்கு வந்த அதிகாரி இரண்டு முறை ஏதோ எழுதினார்.

கடைசிக் கட்டத்தில் ஆறாவது பந்தையும் பிடித்து நெஞ்சோடு அணைத்து எழுந்தாள். காரியாபட்டி ஆட்களில் யாரோ, வெற்றிக்கென்று வைத்திருந்த ஆட்டம்பாமை அவசரப்பட்டு கோலுக்குப் பின்னால் கொளுத்திவிட்டார்கள்.

பிரீத்திகா பந்தைப் போட்டாள். ஓடினாள். உருண்ட பந்தை எதிரணிப் பெண் ஆளில்லாத கோலுக்குள் தட்டிவிட்டாள்.

மைதானமே சிரித்தது. "பட்டாசு ஊருப் பிள்ள வெடிக்குப் பயந்து ஓடுது பாருலே!" ஜெயச்சந்திரன் கூப்பிட்டுக் கேட்டான்: "என்ன கற்பகம், கோல்கீப்பருக்கும் எண்ணூறு மீட்டரா?" அதிகாரி நோட்டை மூடினார். அந்த வருடம் பிரீத்திகா பெயர் பட்டியலில் வரவில்லை.

கற்பகவல்லிக்கு முதலில் வந்தது ஆத்திரம்தான். அதை மறைப்பதற்கில்லை. ஆறு மாத உழைப்பு ஒரு வெடியில் போயிற்று. பிறகுதான் பிரீத்திகாவைப் பார்த்தாள். கோட்டுக்கு வெளியே, மைதானத்துக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தாள், இன்னும் திரும்பவில்லை. கற்பகவல்லி நடந்து அவளிடம் போனாள்.

"கோல் விழுந்துருச்சா டீச்சர்?"

"விழுந்துருச்சு."

"யோசிக்கவே இல்ல டீச்சர். காலு தானா ஓடிருச்சு."

கற்பகவல்லி பார்வையாளர் பக்கம் திரும்பினாள். எல்லோரும் சிரித்துக்கொண்டிருக்க, சின்னத்தாய் மட்டும் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றாள். கூட்டத்தின் சத்தத்தையும் மீறி அவள் குரல் வந்தது.

"டீச்சர்! இன்னும் நேரம் கிடக்குல்ல? கோல்லயே கொண்டு போயி நிப்பாட்டுங்க அவளை!"

"நாலு நிமிசம் இருக்கு" என்றாள் கற்பகவல்லி, பிரீத்திகாவிடம். "போ."