வேப்பிலை கட்டிய கம்ப்யூட்டர் வகுப்பு

'டிசம்பர் 1989. திரையில் பந்து. வகுப்பு நின்றுவிடலாம்.' என் பழைய டைரியில் உள்ள குறிப்பு இது. செஞ்சி கடைவீதியில், ஒரு ஜவுளிக்கடை மாடியில் நடந்த கம்ப்யூட்டர் வகுப்பைப் பற்றியது.

மேல்சித்தாமூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்துபோன இளம்பெண் ஒருவர், கடன் வாங்கி இரண்டு கம்ப்யூட்டர்களுடன் அதை நடத்திவந்தார். அலுவலக டைப்பிஸ்டான நான் மாலை வகுப்பில் சேர்ந்திருந்தேன். தூசு ஆகாது என்று எல்லோரும் செருப்பை வாசலிலேயே பயபக்தியுடன் கழற்றிவிடுவோம். புரோகிராம்களைப் பதிந்து எடுத்துப்போகும் ஃபிளாப்பி தட்டுகளை வெளியிலிருந்து கொண்டுவரக்கூடாது என்று டீச்சர் எழுதி ஒட்டியிருந்ததைத்தான் யாரும் மதிக்கவில்லை.

ஒருநாள் எழுத்துகளுக்கு நடுவே ஒரு சின்னப் பந்து துள்ளத் தொடங்கியது. மறுநாள் அடுத்த கம்ப்யூட்டரிலும் துள்ளியது. "வைரஸ்" என்றார் டீச்சர். அந்தச் சொல் படியிறங்கிக் கடைவீதிக்குப் போனதும் பாதிப் பேர் வருவதை நிறுத்திவிட்டார்கள். திண்டிவனத்தில் வேறு வகைக் கம்ப்யூட்டர் வைத்திருந்த ஒருவர், தன்னுடையதற்கு வைரஸே வராது என்று சொல்லி ஆள் சேர்த்தார். இன்னும் நாலு பேர் போனால் டீச்சர் கதவைச் சாத்த வேண்டியதுதான்.

எங்களுடன் படித்த பெண்ணின் அம்மா, கடைவீதியில் பூ விற்பவர், மகளை நிறுத்த வந்தார்.

"இன்னா டீச்சரு, பொட்டிக்கு நோவு வந்துக்குதாமே? எம் பொண்ணுக்குத் தொத்திக்கினா?"

"மனுசங்களுக்கு வராதுக்கா. எவனோ ஒருத்தன் வேணும்னே எழுதி வுட்ட புரோகிராம் அது. இவங்க பையில வச்சிருக்கிற ஃபிளாப்பி வழியாத்தான் பொட்டிக்குப் பொட்டி தொத்தும்."

"திண்டிவனத்துப் பொட்டிக்கு வர்லியாமே. உன்துதான் மட்டமோ?"

டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. சமாளித்துக்கொண்டு கேட்டார்: "பிக்பாக்கெட் அடிக்கிறவன் மலையனூர் அமாவாசைக்குப் போவானா, தொண்டூர் பாறைக்குப் போவானா?"

"பாறையில எவன் இருக்கான்? கூட்டத்துக்குத்தான் போவான். என் சுருக்குப்பையே அங்கதான் போச்சு!"

"அதேதான். இந்த மாதிரிப் பொட்டி ஊர் ஊருக்கு இருக்குது. திண்டிவனத்துது எங்கியோ ஒண்ணு. அதுக்குன்னு எவன் மெனக்கெடுவான்?"

"அடப்பாவி! இதுக்கா அந்தாளு அவ்ளோ பீத்திக்கினான்?" என்று சிரித்தார் பூக்காரம்மா. எங்கள் சட்டைப் பைகளில் துருத்திக்கொண்டிருந்த ஃபிளாப்பிகளைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. "இத்த எடுத்துக்கினு ஊடு ஊடா சுத்துறீங்களே, அம்மை போட்ட ஊட்டுல இப்பிடித்தான் பண்ணுவீங்களா?"

மறுநாள் காலை மாடி வாசலில் வேப்பிலைக் கொத்து தொங்கியது. அம்மை வீட்டுப் பொருள் வெளியே போகாது, வெளிப் பொருள் உள்ளே வராது. ஒட்டிய தாளை மதிக்காத நாங்கள் வேப்பிலைக்குக் கட்டுப்பட்டோம். டீச்சரும் அதை அவிழ்க்கவில்லை. வைரஸை நீக்கும் புரோகிராம் உள்ள, வைரஸ் படாத ஒரு ஃபிளாப்பியைத் தேடி வாங்கிவந்து, அதைக்கொண்டு கம்ப்யூட்டர்களையும் மற்ற ஃபிளாப்பிகளையும் ஒவ்வொன்றாகச் சுத்தம் செய்தார். பூக்காரம்மாவின் மகள் வருவதைப் பார்த்து மற்றவர்களும் திரும்பிவந்தார்கள்.

முதலில் யாருடைய ஃபிளாப்பியில் அது வந்தது என்று துருவித் துருவிக் கேட்டேன். "தெரிஞ்சி இன்னா சார் பண்ணப் போறீங்க? பாவம், அவருக்கே தெரிஞ்சிருக்காது" என்று சொல்லிவிட்டார் டீச்சர். இன்றுவரை அது நான் உறுதி செய்ய முடியாத தகவல். கொண்டுவந்தது நானாகவும் இருக்கலாம் என்பதால், இம்மாதிரி விஷயங்களில் ஏமாந்தவர்களைக் கேலி செய்ய எனக்கு வாய் வருவதில்லை.