ஒரு மணிப் பல்லி

அது பேய் இல்லை, பல்லி. எத்தனை தடவை சொன்னாலும் இந்தச் சுப்புத்தாய்க்கு ஏற மாட்டேன் என்கிறது. எதிர்வீட்டுக் குருவம்மாள் எட்டு மாதம் வாசலைத் தாண்டாமல் உள்ளேயே உட்கார்ந்து பட்டப்பகலில் பேய்ப்படம் பார்த்தாளாம், பேயோடு பேசினாளாம், தெருவுக்கே அது ஆகவில்லையாம். இன்றைக்குக் காலையிலும் குழாயடியில் இதே பேச்சு. நான் குடத்தைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னேன்: பேய்க்குக் கால் கிடையாது, இதற்கு நாலு கால், போதாததற்கு ஒரு வால். அணைக்குள் தூங்கிக்கொண்டிருந்த பல்லி, ஆறு மாடி உயரம். நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து அந்தப் படத்தை முழுசாகப் பார்த்திருக்கிறேன். நீ பார்த்தாயா? சுப்புத்தாய் வாயை மூடிக்கொண்டாள். ஆனால் குடம் நிறைந்ததும் மறுபடி ஆரம்பிப்பாள் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் இதைச் சொல்லி எழுதச் சொல்கிறேன்.

குருவம்மாளுக்கு நாற்பத்தெட்டு வயது. எங்கள் விஸ்வநத்தத்துப் பெண்கள் பாதிப் பேரைப்போல அவளும் பட்டாசுக் கம்பெனியில் திரி சொருகியவள், முப்பது வருடம். பட்டாசுக்குள் போடுகிற வெள்ளி மருந்து அவள் நகக்கண்ணில் ஏறி, வேலையை விட்ட பிறகும் போகவில்லை. வேகமாக நடப்பாள், வேகமாகச் சாப்பிடுவாள், பேச்சில் பாதியை முழுங்கிவிடுவாள். நிதானமாக அவள் செய்கிற காரியம் ஒன்றுதான். பெரிய மிருகம் வருகிற படமாக இருந்தால் காலை நீட்டி, சுவரில் சாய்ந்து, கண் கொட்டாமல் பார்ப்பாள்.

காதல் படம் பிடிக்காது. "கல்யாணத்தப் பண்ணிட்டுப் போக வேண்டியதுதான, இதுக்கு என்னத்துக்கு ரெண்டரை மணி நேரம்" என்பாள். சாமிப் படம் என்றால் கோயிலிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்பாள். பாம்பு, சுறா, எட்டுக்கை ஆக்டோபஸ், பல்லி, இதுகள்தான் வேண்டும். அதிலும் எப்போதும் மிருகத்தின் கட்சி. பட்டாளத்துக்காரர்கள் சுடும்போது திட்டுவாள். "அது பாட்டுக்குத் தூங்கிட்டு இருந்துச்சு. எழுப்புனது யாரு?" ஒரு தடவை பல்லி அணையிலிருந்து எழும்புகிற இடத்தில் என் பக்கம் திரும்பி, "நம்ம ஆனைக்குட்டத்து அணையில இது படுக்கணும்னா வாலு வெளிய கெடக்கும் பெரியம்மா. அம்புட்டுத் தண்ணிக்கு எங்க போக?" என்று வருத்தப்பட்டாள்.

சீசன் முடிந்து தீபாவளி கழிந்த மறுவாரம் சிவகாசி பஸ் ஸ்டாண்டு பக்கத்துப் பிளாட்பாரக் கடையில் ஒரு சிடி வாங்குவது அவள் வழக்கம். உறைமேல் உள்ள படத்தைப் பார்த்துத்தான் எடுப்பாள். எத்தனை பல் தெரிகிறதோ அத்தனை நல்லது. அப்படிச் சேர்ந்தது ஒரு பட்டாசு அட்டைப்பெட்டி நிறைய. மேல் தாள் கிழிந்துபோனால் வேஸ்டாகக் கழித்த பட்டாசு லேபிளை வெட்டி ஒட்டிவிடுவாள். பாம்புப் படத்துக்குப் பாம்பு மாத்திரை லேபிள். ஆக்டோபஸுக்குச் சாட்டை. சுறாவுக்குச் சங்குச் சக்கரம். பல்லிக்கு அணுகுண்டு. எனக்கு எழுத்துத் தெரியாது என்பதால் இது வசதியாகப் போயிற்று. "பெரியம்மா, சாட்டைய எடுங்க" என்றால் ஆக்டோபஸை எடுத்துக் கொடுத்துவிடுவேன்.

போன ஆவணியில் அவள் வேலை பார்த்த இடத்தில் பக்கத்து ஷெட் வெடித்தது. மத்தியானம் ஒரு மணி. எல்லோரும் வேப்பமரத்தடியில் தூக்குச்சட்டியைத் திறந்து உட்கார்ந்திருந்த நேரம் என்பதால் ஓர் உயிருக்கும் சேதம் இல்லை. குருவம்மாள் சாப்பாட்டுக் கையோடு எழுந்தவள், அப்படியே வீடு வந்து சேர்ந்தாள். கையில் ஒட்டியிருந்த சோறு காய்ந்துபோயிருந்தது, நான்தான் கழுவிவிட்டேன். அன்றைக்கு உள்ளே போனவள்தான். ரேஷன் கடை, தண்ணீர், கூடப்பிறந்த தங்கை பேத்தியின் காதுகுத்து, எதற்கும் வாசற்படி இறங்கவில்லை. அவள் புருஷன் சங்கிலிமுத்து லாரியில் லோடு ஏற்றுகிறவர்; கெஞ்சிப் பார்த்தார், கோபப்பட்டுப் பார்த்தார், பிறகு தானே ரேஷன் பையைத் தூக்கப் பழகிக்கொண்டார்.

அந்த எட்டு மாதமும் தினமும் ஒரே படம்தான். பன்னிரண்டு மணி அடித்ததும் அணுகுண்டு லேபிள் ஒட்டிய சிடியை எடுப்பாள். சங்கிலிமுத்துவின் பழைய வேட்டித் துணியால் நடுவிலிருந்து வெளியே துடைப்பாள். பிளேயருக்குள் வைப்பாள். சரியாக ஒரு மணிக்குப் பல்லி பெட்ரோல் கிடங்குக்கு வரும். வாலால் மூன்று தடவை அடிக்கும். கட்டைவிரலை ஆள்காட்டி விரல் கணுவில் வைத்து ஒன்று, இரண்டு, மூன்று என்று ஒவ்வொரு கணுவாக இறக்குவாள். மூன்றாவது கணுவுக்கு வந்ததும், "இந்தா, இப்ப வெடிக்கும்" என்று சத்தமாகச் சொல்வாள். கிடங்கு வெடிக்கும். உடனே சிடியை நிறுத்தி உறையில் போட்டுவிட்டுச் சோறு சாப்பிட உட்காருவாள்.

தெருவுக்கு ஆகாமல் போனது இதுதான். வெடிக்கும் என்ற சொல்லை எங்கள் ஊரில் வேலைக்குப் போகிறவர்கள் வாயால் சொல்ல மாட்டார்கள். 'சத்தம் வரும்' என்பார்கள், 'போயிரும்' என்பார்கள். அந்தச் சொல் ஒரு வீட்டிலிருந்து தினமும், அதுவும் அந்த ஒரு மணிக்கு, தெருவுக்கே கேட்டால்? சுப்புத்தாயின் மருமகள்கள் இரண்டு பேரும் கம்பெனிக்குப் போகிறவர்கள். அவள் பயந்ததை நான் தப்பு என்று சொல்ல மாட்டேன். ஏன் என்று ஒரு வார்த்தை வந்து கேட்காததைத்தான் தப்பு என்கிறேன்.

நான் கேட்டேன். வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே சொன்னாள்: "இங்கன வெடிச்சுருச்சுன்னா அங்கன வெடிக்காது பெரியம்மா. அந்த நேரத்துக்கு உள்ளத நான் இங்கன முடிச்சு விட்டுர்றேன்."

அவ்வளவுதான். ஊருக்குக் கெடுதல் வரச் சொன்னாள் என்கிறார்களே, அவள் அதை மறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

இதை எழுதிக்கொண்டிருப்பவள் அவள் மகள் இசைவாணி. அவளும் அம்மாவைச் சடைத்துக்கொண்டவள்தான். ஏ புள்ள, இதையும் எழுது, கோடு போட்டு அடிக்காதே. பிரஸ்ஸில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவள், சம்பளம் வந்ததும் ஆசையாக அம்மா போனில் படம் பார்க்கிற வசதிக்குப் பணம் கட்டிக் கொடுத்தாள். பழைய பெட்டியைத் தூக்கிப் போடலாம், இதில் ஆயிரம் மிருகம் இருக்கிறது என்றாள். அதே பல்லிப் படம் அதிலும் இருந்தது. ஆனால் குரல் வேறு. சிடியில் பட்டாளத்துக்காரன் "ஏலே, ஓடுங்கலே" என்று நம் ஊர் ஆள் மாதிரி கத்துவான். போனில் அதே ஆள் சூலக்கரை கலெக்டர் ஆபீஸ் மைக் மாதிரி, "உடனடியாக வெளியேறவும்" என்றான். அதையாவது பொறுத்துக்கொண்டாள். இரண்டாவது வாலடிக்கும் மூன்றாவது வாலடிக்கும் நடுவில் சோப்பு விளம்பரம் வந்தது. அது முடிந்த மாத்திரத்தில், எண்ணி முடிக்குமுன்னே, கிடங்கு வெடித்தது. குருவம்மாள் போனை அரிசிப் பானைக்குள் வைத்து மூடி, மூடிமேல் அம்மிக்குழவியை வைத்துவிட்டாள்.

அடுத்த மாதம் படமே அதில் இல்லை. இசைவாணி தேடித் தேடிப் பார்த்தாள்.

"எடுத்துட்டாகம்மா."

"யாரு? நம்ம வீட்டுல உள்ளத யாரக் கேட்டு எடுத்தாக?"

"அது நம்ம வீட்டுல இல்லம்மா. அவுக வீட்டுல இருந்துச்சு. நம்ம எட்டிப் பாத்துக்கிட்டோம், அம்புட்டுத்தான்."

குருவம்மாள் எழுந்து போய் அட்டைப்பெட்டியைத் திறந்து, அணுகுண்டு இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துவிட்டு வந்தாள்.

கையில் இருக்கிற பொருளும் தேயத்தான் செய்யும். சித்திரை பிறந்த வாரம், ஒரு மணிக்கு, பல்லி வாலை இரண்டாவது தடவை ஓங்கி அடித்தது. படம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுவிட்டது. குருவம்மாளின் கட்டைவிரல் இரண்டாவது கணுவில் நின்றது. எடுத்துத் துடைத்துப் போட்டாள், அங்கேயே நின்றது. அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை. மறுநாள் சங்கிலிமுத்து பிளேயரைச் சிவகாசிக்குத் தூக்கிக்கொண்டு போனார். சிடியை அவரிடம் தர மறுத்துவிட்டாள். பீடிக்கட்டோடு சேர்த்துப் பையில் போட்டுக் கீறிவிடுவாராம். ரிப்பேர்க்கடை முனியராஜ் தன்னிடமிருந்த பாட்டு சிடியைப் போட்டுப் பார்த்திருக்கிறான். நன்றாகப் பாடியிருக்கிறது. பிளேயரில் ஒரு கோளாறும் இல்லை, எங்கே நிற்கிறது என்று காட்டினால் பார்க்கலாம் என்று திருப்பி அனுப்பிவிட்டான். "எங்க நிக்குதுன்னு எனக்கு என்னடி தெரியும்? என்னைக்கு என்னைய உக்கார வச்சுக் காட்டுன?" என்று அவர் எரிந்து விழுந்தார்.

நாலாவது நாள் காலை. சங்கிலிமுத்து லோடுக்குப் போயிருந்தார், இசைவாணி பிரஸ்ஸுக்கு. நான் வாசலில் புளி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டு நிலையில் குருவம்மாள் நிற்கிறாள். தலை சீவி, நல்ல சேலை கட்டி, பிளேயரைத் துண்டில் சுற்றி இடுப்பில் வைத்திருக்கிறாள். மஞ்சள் பையில் சிடி. முகம் வெளுத்துப்போயிருந்தது.

நான் எழுந்திருக்கவில்லை. எழுந்தால் உள்ளே போய்விடுவாள் என்று பயம். புளியைப் பார்த்துக்கொண்டே, எங்கே கிளம்பிவிட்டாய் என்று கேட்டேன்.

"மூணு நாளா அந்தரத்துல நிக்குது பெரியம்மா. எந்த எடத்துல நிக்குதுன்னு எனக்குத்தான தெரியும்? அவன்கிட்ட நாந்தான் காட்டணும்."

கூட வரட்டுமா என்றேன். "முழங்கால வச்சுக்கிட்டு நீங்க எங்க வாறீக" என்றாள். வலது காலைப் படிக்குக் கீழே வைத்தாள். கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள். பிறகு இடது காலையும் வைத்தாள்.

சுப்புத்தாய் குழாயடியிலிருந்து குடத்தோடு வந்தவள் நடுத்தெருவில் நின்றுவிட்டாள். "எங்க மயினி?" என்று கேட்டாள், பாதிக் குரலில்.

"சிவகாசிக்கு. பல்லியக் கொண்டுபோய்க் காட்டிட்டு வாரேன்."

அந்த நேரம் பார்த்துத் தெருமுனையில் யாரோ லாரியின் பின்பலகையைக் கழற்றி விட்டார்கள். டமார் என்று விழுந்தது. சுப்புத்தாயின் குடத்துத் தண்ணீர் பாதி தெருவில். என் கை புளிக்குள் புதைந்துபோயிற்று. நான் குருவம்மாளின் விரலைத்தான் பார்த்தேன். கட்டைவிரல் போய் முதல் கணுவில் உட்கார்ந்தது. இரண்டாவதுக்கு இறங்கவில்லை. பிறகு அந்தக் கையாலேயே முந்தானையை இழுத்து, இடுப்பில் இருந்த பிளேயருக்கு வெயில் படாமல் மூடிக்கொண்டு, மினி பஸ் நிற்கிற பக்கம் நடந்தாள்.