இரண்டாம் கீழ்த்தளத்து மஸ்டாங்

வாமதேவன் தன் காரின் பின்பக்கத்தில் வேலை செய்ய வேண்டுமென்றால் அதை ஒரு சாண் முன்னே தள்ளுவார். முன்பக்கத்தில் வேலையென்றால் ஒரு சாண் பின்னே தள்ளுவார். அவர் குடியிருக்கும் அடுக்குமாடி பாரிசில் ரூ பஜோல் தெருவிலிருந்து ஐந்து நிமிட நடை. அதன் இரண்டாவது கீழ்த்தளத்தில் கதவு போட்ட வாகன அறைகள் வரிசையாக இருக்கின்றன. எல்லோரும் அவற்றை பொக்ஸ் என்பார்கள். நாற்பத்தோராம் பொக்ஸின் நீளம் ஐந்து மீற்றர். 1967ஆம் ஆண்டு மஸ்டாங்கின் நீளம் நான்கு மீற்றர் அறுபத்தாறு சென்ரிமீற்றர். மிஞ்சிய இடத்தில்தான் அவர் ஆறு வருடம் நின்று வேலை செய்தார்.

அவருக்கு ஐம்பத்து மூன்று வயது. கிழக்கு ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பிரெஞ்சு உணவகத்தில் சமையல். மதியச் சமையல் மூன்று மணிக்கு முடியும், இரவுச் சமையல் ஆறு மணிக்குத் தொடங்கும். நடுவிலுள்ள மூன்று மணி நேரத்தைப் பிரெஞ்சுக்காரர் கூப்பியூர் என்பார்கள். தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பல் பகுதியில் உணவக வேலை செய்யும் தமிழர்கள் அந்த நேரத்தில் வீட்டுக்குப் போய் நித்திரை கொள்வார்கள், அல்லது கடை வாசலில் நின்று கதைப்பார்கள். வாமதேவன் நீலக் களிசானை மாட்டிக்கொண்டு கீழே இறங்குவார்.

கார் உணவக முதலாளியின் இறந்துபோன தம்பியுடையது. நோர்மண்டியில் ஒரு கொட்டிலில் இருபது வருடம் கிடந்தது. பின் இருக்கையில் கோழிகள் முட்டையிட்டிருந்தன. முதலாளி விலை கேட்கவில்லை, மாதம் முடியுமுன் எடுத்துப் போனால் போதுமென்றார். இழுவை லொறி பார்க்கிங்குக்குள் நுழையாது, வாசலின் உயரம் ஒரு மீற்றர் தொண்ணூறுதான். அதனால் தெருவில் இறக்கி, இரண்டு தளத்துச் சரிவுப் பாதையிலும் பின்னால் நாலு பேர் பிடித்துக்கொள்ள உருட்டினார்கள். பத்து நிமிட வேலை.

இயந்திர வேலையை வாமதேவன் எந்தப் பள்ளிக்கூடத்திலும் படிக்கவில்லை. பத்தொன்பது வயதில், இலங்கையில் வன்னிப் பக்கத்துப் புதுக்குடியிருப்பில், ஒரு வாகனத் திருத்துமிடத்தில் சேர்ந்தார். போரும் பொருளாதாரத் தடையுமான காலம். வன்னிக்குள் பெற்றோல் வராது, உதிரிப்பாகம் வராது. மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு உதைத்து, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். எண்ணெய் கசியாமல் பொருத்துக்குள் வைக்கும் கஸ்கற்றைப் பாடக் கொப்பி மட்டையில் வெட்டுவார்கள். அங்கே பழகிய ஒரு விதியை அவர் பாரிசிலும் விடவில்லை. மூன்று தரம் திருத்திப் பார்க்காமல் எதையும் புதிதாக வாங்குவதில்லை.

பிறேக் மட்டும் விதிவிலக்கு. அது பிடிக்காவிட்டால் பழி திருத்தியவனுக்கு என்பார். மஸ்டாங்கின் முன் சில்லுகளில் இருந்த பழைய ட்ரம்களைக் கழற்றிவிட்டு டிஸ்க் பிறேக் போட்டார். ஒரு குழாய் வெடித்தாலும் மற்றது வேலை செய்யும்படி முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனியாக இருந்த எண்ணெய் வழிகளைப் புதுப்பித்தார். தீப்பொறி கொடுக்கும் பழைய பொயின்றை எடுத்து மின்னணுப் பெட்டி பொருத்தினார். மற்றதெல்லாம் பழையதே, திருத்தியது. கழற்றிய ஒவ்வொரு ஆணியும் ஜாம் போத்தலில், தமிழில் எழுதி ஒட்டிய பெயரோடு இருந்தது.

அவர் மனைவி தங்கேஸ்வரி ஒருநாளும் தடுத்ததில்லை. ஆனால் சும்மா விட்டதுமில்லை.

"அடியிலை ஒருத்தியை வைச்சிருக்கிறமாதிரித்தான் போய் வாறியள். வரேக்கை மணமும் வேறை."

சென்ற வருடம் ஆனியில் கட்டட நிர்வாகத்திடமிருந்து கடிதம் வந்தது. கீழ்த்தளக் கூரையைத் திருத்தப் போகிறார்கள். ஒக்ரோபர் பதினைந்துக்குள் எல்லா பொக்ஸும் வெறுமையாக வேண்டும். நகராத வாகனம் உடைசலாகக் கணக்கெடுக்கப்பட்டு, அங்கேயே வெட்டி அகற்றப்படும். வாமதேவன் கடிதத்தை மூன்று தரம் வாசித்தார். வெட்டி என்ற சொல்லை மகளிடம் காட்டி உறுதிப்படுத்திக்கொண்டார்.

கிங்ஸ்டன் அதைக் கேள்விப்பட்டு வந்தான். முல்லைத்தீவுக் கரையில் பிறந்தவன், லா சப்பலில் கைத்தொலைபேசிக் கடை வைத்திருக்கிறான்.

"வாமண்ணை, கயிறு கட்டி இழுப்பம். எட்டுப் பேர் காணும். இதைவிடப் பாரமான வள்ளம் இழுத்தனாங்கள்."

"இது வள்ளமில்லை."

"ஓம். வள்ளமெண்டால் தண்ணியிலையாவது போகும்."

"கிங்ஸ்டன், ஆறு வருசம் நான் இதை இழுக்கிறதுக்கே செய்தனான்? தன்ரை எஞ்சினிலை ஏறும். இல்லாட்டி வெட்டட்டும்."

அதற்குப்பின் கோடை முழுவதும் ஒரு கூப்பியூரையும் விடவில்லை. ஒக்ரோபர் ஒன்பதாம் திகதி, பக்கத்து நிலையத்தில் மலிவான பம்பிலிருந்து பிளாஸ்ரிக் கானில் வாங்கிவந்த பத்து லீற்றரைத் தாங்கியில் ஊற்றித் திறப்பைத் திருப்பினார். நாலாவது திருப்பலில் எட்டுச் சிலிண்டரும் ஒன்றாக எழும்பின. சத்தத்துக்குப் பக்கத்து பொக்ஸ்களில் இரண்டு கார்களின் அலாரம் அலறியது. புகை நிறைந்துவிடும் என்று ஒன்றரை நிமிடத்தில் நிறுத்தினார். ஓடிவந்த காவலாளி, இனி வெளியே போகும் நாளில் மட்டும்தான் இதைக் கிளப்பலாம் என்றார். அந்த நாளை வாமதேவன் பதினான்காம் திகதி என்று குறித்துக்கொண்டார்.

எஞ்சின் கிளம்பிய அன்றே, பொக்ஸைப் பூட்டுமுன் விளக்கைப் பிடித்துக் காருக்குக் கீழே பார்த்தபோது, பெற்றோல் தாங்கியின் அடிப் பொருத்தில் ஊசிமுனை அளவு ஈரம் தெரிந்தது. அவர் பதறவில்லை. வீட்டுக்குப் போய் உடுப்புத் தோய்க்கும் சவர்க்காரத்தில் ஒரு துண்டு எடுத்துவந்து அந்த இடத்தில் அழுத்தித் தேய்த்தார். வன்னியில் நூறு தாங்கிக்காவது இப்படித் தேய்த்திருப்பார். பெற்றோலில் சவர்க்காரம் கரையாது, ஓட்டைக்குள் போய் இறுகிவிடும். விரலால் தடவினார். காய்ந்திருந்தது.

மறுநாள் பொக்ஸின் கதவைத் திறந்ததும் மணம் முகத்தில் அடித்தது. நிலத்தில் உள்ளங்கை அளவு ஈரம். சவர்க்காரம் வெள்ளைக் களியாக வழிந்திருந்தது. பொருத்தைச் சரியாகத் துடைக்கவில்லை, தன் பிழை என்று நினைத்தார். துடைத்து, காயவிட்டு, மறுபடி தேய்த்தார். பதினோராம் திகதி மறுபடியும் ஈரம்.

அன்றிரவு வேலை முடிந்து வந்து, சாப்பாட்டு மேசையில் மகள் ரூபிகாவிடம் சொன்னார். அவள் ஒரு பாமசியில் மருந்து கொடுக்கும் வேலை செய்கிறாள்.

"எந்தப் பெற்றோல் அப்பா?"

"எல்லாரும் அடிக்கிறதுதான். பம்பிலை ஈ பத்து எண்டு கிடந்தது."

"பத்து எண்டால் பத்து வீதம் அல்கோல். உங்கடை சவர்க்காரம், ஸவோன், அல்கோலிலை இளகும்தானே?"

வாமதேவன் அவள் சொல்லை உடனே ஏற்கவில்லை. காலையில் இரண்டு ஜாம் போத்தல்களை பல்கனியில் வைத்தார். ஒன்றில் அந்தப் பெற்றோல், மற்றதில் ஓவியக் கடையில் வாங்கிய, அல்கோல் கலக்காத வெறும் பெற்றோலியத் தைலம். ஒரே கட்டியிலிருந்து வெட்டிய இரண்டு துண்டுகளைப் போட்டு மூடினார். மாலையில் வந்து பார்த்தபோது தைலத்தில் கிடந்தது கல்லுப்போல இருந்தது. மற்றதன் மேல்தோல் நகத்தோடு வந்தது.

கிங்ஸ்டன் போத்தலைத் தூக்கிப் பார்த்தான். "பிரெஞ்சுக்காரன் பெற்றோலுக்கும் சாராயம் ஊத்துறானோ? குடிக்காத மனுசன் நீங்கள், அதுதான் தெரியேல்லை."

வாமதேவன் சிரிக்கவில்லை. ஜேர்மனியில் ஒரு கடைக்குத் தொலைபேசி எடுத்தார். புதுத் தாங்கி வரப் பத்து நாள். ஓட்டையைப் பசையால் அடைத்தால் இறுகவே இரண்டு நாள் வேண்டும். அதை அவர் இதற்குமுன் செய்து பார்த்ததில்லை. இருவரும் பொக்ஸுக்கு இறங்கினார்கள்.

"அப்ப தாங்கியை விடுங்கோ. போத்திலிலை கொஞ்சம் பெற்றோல் கட்டித் தூக்கி, குழாயாலை காபரேற்றருக்கு விட்டால் மேலை போகாதோ? நீங்கள் செய்யாத வேலையே?" என்றான் கிங்ஸ்டன்.

போகும். அது அவருக்குத் தெரியும். வன்னியில் ஆஸ்பத்திரி சேலைன் போத்தலைக் கட்டி லொறியையே ஓட்டியிருக்கிறார். எரிச்சலோடு கையைக் கூரைப்பக்கம் நீட்டினார்.

"அங்கை மேலை வானம் இருந்தது. இஞ்சை மேலை ஆறு மாடியிலை சனம் இருக்கு."

அன்று மாலையே பெற்றோலை வடித்து, தாங்கியைக் கழற்றி, வாயை அடைத்து பொக்ஸிலிருந்து வெளியே கொண்டுபோனார். பிறகு கிங்ஸ்டனிடம் வந்து, "எத்தினை பேர் வேணும்?" என்று மட்டும் கேட்டார்.

பதினான்காம் திகதி மூன்றரை மணிக்குக் கிங்ஸ்டன் ஒன்பது பேரைக் கூட்டிவந்தான். எல்லோருக்கும் கூப்பியூர். இரண்டு பேர் சமையற்கட்டுக் கட்டம்போட்ட களிசானோடேயே வந்திருந்தார்கள். தங்கேஸ்வரி தட்டில் கற்பூரத்தோடு இறங்கினாள்.

"இஞ்சை நெருப்பு வேண்டாம். மேலை வந்தாப்பிறகு கொளுத்து."

"ஆறு வருசத்திலை ஒருநாள் உங்கடை ஆளுக்கு ஆராத்தி எடுக்க வந்தால் அதுக்கும் விடமாட்டியள்."

கயிற்றை முன் சட்டத்தில் கட்டினார்கள். ஏழு பேர் கயிற்றில். இரண்டு பேர் பின் சில்லுகளுக்குப் பின்னால், பலகையில் வெட்டிய ஆப்புக் கட்டைகளோடு. ஒவ்வொரு இழுப்புக்கும் கட்டையைச் சில்லோடு நகர்த்த வேண்டும். கார் திரும்பி உருண்டால் கட்டை தாங்கும். வாமதேவன் சுக்கானைப் பிடித்துச் சாரதி இருக்கையில் உட்கார்ந்தார். கிங்ஸ்டன் முன்னால் நின்று குரல் கொடுத்தான். அது கரையில் வள்ளம் இழுக்கும் பாட்டின் முதல் அடி மட்டுமே; மிச்சம் தனக்கு மறந்துபோச்சு என்று பிறகு சொன்னான்.

முதல் சரிவு நன்றாகப் போனது. இரண்டாவது சரிவுக்குத் திரும்பும் முடக்கில் கயிறு சுவர் மூலையில் உரசியது. அவிழ்த்து மறுபக்கம் கட்ட வேண்டும். "கட்டையைப் போடுங்கோடா" என்று கிங்ஸ்டன் கத்தி, கயிற்றைத் தளர்த்தச் சொன்னான். இடப்பக்கக் கட்டை பூச்சுப் பூசிய நிலத்தில் வழுக்கியது. மற்றதும் கூடவே சறுக்கியது. ஆயிரத்து முந்நூறு கிலோ பின்னால் உருளத் தொடங்கியது. கட்டை பிடித்த இருவரும் சுவரோடு ஒட்டினார்கள்.

வாமதேவன் மிதித்தார். கார் ஒரு முழம் உருண்டு நின்றது.

கிங்ஸ்டன் ஓடிவந்து கார்க் கண்ணாடிக்குள் எட்டிப் பார்த்தான்.

"அண்ணை, பிடிச்சதோ?"

"பிடிச்சுக் கொண்டிருக்கு. கட்டு கெதியா."

கயிற்றை மாற்றிக் கட்ட நாலு நிமிடம் ஆனது. அவ்வளவு நேரமும் அவர் காலை எடுக்கவில்லை. கார் அசையவில்லை. மறுபடி இழுத்தபோது ஆட்களின் முதுகுகளுக்கு மேலாகத் தெரு வெளிச்சம் தெரிந்தது.

வெளியே இழுவை லொறி காத்து நின்றது. பாரிசுக்கு வெளியே வில்லியே லே பெல்லில் உள்ள கிங்ஸ்டனின் வீட்டு முற்றத்தில் காரை வைப்பதாக ஏற்பாடு. வாமதேவன் இறங்கினார். ஆறு வருடத்தில் முதல் முறையாகத் தன் காரை முழுச் சுற்று நடந்து பார்த்தார்.

"இதென்னப்பா," என்றாள் தங்கேஸ்வரி, "கதவு ஒரு நீலம், உடம்பு ஒரு நீலம்?"

உண்மை. கதவுகளை ஒரு வருடமும் உடம்பை மறு வருடமும் பூசியிருந்தார், இரண்டு வெவ்வேறு தகரத்திலிருந்து. கீழ்த்தளத்துக் குழல் விளக்கில் இரண்டும் ஒன்றாகத் தெரிந்தன. பகல் வெளிச்சத்தில் கதவு சற்றுப் பச்சை பாய்ந்திருந்தது. கயிறு பிடித்தவர்களில் ஒருவன் புதுமோடல் போல என்றான். சிரிப்பு எழுந்தது, வாமதேவனும் சிரித்துவிட்டார். கதவில் கைவைத்து, இது கழற்றிப் பூச இலேசு என்றார்.

லொறிச் சாரதி ஒரு படிவத்தை நீட்டினார். வாகனத்தின் நிலை என்ற இடத்தில் இரண்டு கட்டங்கள் இருந்தன. ஓடும், ஓடாது.

"ஓடும் எண்டு போடுங்கோ அண்ணை," என்றான் கிங்ஸ்டன். "எஞ்சின் கிளம்பினதுக்குக் காவலாளியே சாட்சி."

வாமதேவன் பேனாவைத் திறந்து, ஓடாது என்ற கட்டத்தில் புள்ளடி இட்டார். கீழே குறிப்புக்காக ஒரு வரி விட்டிருந்தது. அதில் பிரெஞ்சில், ஒவ்வொரு எழுத்தாக, முன் பிறேக்குகள் புதியவை, நன்றாகப் பிடிக்கும் என்று எழுதிக் கையெழுத்து வைத்தார்.