பிள்ளைகள் இருந்த தீவு

ஹோட்டலில் அறை துப்புரவு செய்கிறவளிடம் எல்லா அறைகளின் சாவியும் இருக்கும். உட்கார ஒரு நாற்காலி இருக்காது. பிறர் படுத்த கட்டிலை விரித்து விரித்து இடுப்புப் பிடித்தவர்களே, உங்களுக்கு ஒரு விடுகதை. சுற்றிவரத் தண்ணீர், நடுவிலே பெரிய வீடு. வீட்டுக்காரர் அங்கே இருப்பதில்லை. இருப்பவர்கள் எவரும் வீட்டுக்காரர் இல்லை. அது என்ன?

விடை, இரண்டாயிரத்துக்குப் பிந்திய ஆண்டுகளில் நான் அறை துப்புரவு வேலை செய்த தீவு. பேர்லினுக்கு வடக்கே ஓர் ஏரியின் நடுவில் இருந்தது. அதை ஒரு முதலாளி வாங்கி, வசதியுள்ளவர்கள் ஓய்வெடுக்கும் விடுதியாக்கியிருந்தார். விருந்தினரும் வேலையாட்களும் தவிர யாரும் அங்கே கால் வைக்க முடியாது.

என் கணவர் பேர்லினின் நொய்கெல்ன் பகுதியில் ஓர் உணவகத்தில் சமையல் வேலை செய்தார். ஆறு வயது மகள் அபிரா அவரோடு இருந்தாள். நான் ஏரிக்கரை ஊரில், வேலையாட்களுக்கான வீட்டில் தங்கியிருந்தேன். அந்தக் கோடை முடிய அபிரா முதலாம் வகுப்புக்குப் போக வேண்டும். அவளை இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சேர்த்து என்னோடு வைத்துக்கொள்வது என்று நான் முடிவு செய்திருந்தேன். கணவருக்கு அரை மனதுதான். "நீங்கள் மத்தியானம் போனா ராவுதான் வாறியள், பள்ளிக்கூடத்தால வாற பிள்ளையை ஆர் பாக்கிறது?" என்று கேட்டு அவர் வாயை அடைத்திருந்தேன்.

மனப்பாடம்

விருந்தினர் கேட்பார்கள் என்பதால் தீவின் வரலாற்றை நாங்கள் மனப்பாடம் செய்ய வேண்டும். மேலாளர் திருமதி லிண்ட்னர்தான் சொல்லித் தந்தார். நெசவாலை முதலாளி ஒருவர் தன் மனைவிக்காக இந்த வீட்டைக் கட்டினார். பிறகு போர் வந்தது. இன்று இது உங்கள் ஓய்வுக்காகக் காத்திருக்கிறது. அவ்வளவுதான்.

படகில் போகும்போது இதை முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். படகோட்டி ஊவே அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர். போருக்கும் இன்றைக்கும் நடுவில் வீடு சும்மாவா கிடந்தது என்று அவரிடம் கேட்டேன். கிழக்கு ஜெர்மனி என்று ஒரு நாடு இருந்தவரை, அது நோஞ்சான் பிள்ளைகளைத் தேற்றி அனுப்பும் இல்லமாம். பெற்றோரை விட்டுப் பிரித்து, வாரக்கணக்கில் அங்கே வைத்திருப்பார்களாம். அப்படியானால் ஏன் அதை எங்களுக்குச் சொல்லித் தரவில்லை என்றேன். ஊவே கயிற்றைக் கட்டையில் சுற்றியபடியே சொன்னார்: "பிள்ளைகள் அறை வாடகை கட்டவில்லையே."

அமைதிக்கு வந்தவர்கள்

பான் நகரிலிருந்து ஓர் இளம் தம்பதி வந்தார்கள். சென்னைக்காரர்கள், இருவருக்கும் கணினி வேலை. திருமண நாளுக்காகத் தீவிலேயே மிக அமைதியான அறையைக் கேட்டு வாங்கியிருந்தார்கள். மறுநாள் காலை துவாய் மாற்றப் போனபோது இருவரும் கதவடியிலேயே நின்றார்கள். என் பெயர்ப் பட்டியைப் பார்த்ததும், "அக்கா, நீங்க தமிழா! உள்ள வாங்க, ஒரு அஞ்சு நிமிஷம் பேசிட்டுப் போங்க" என்றாள் அந்தப் பெண். தொலைக்காட்சி இல்லை, கைபேசியும் வேலை செய்யவில்லை, இரண்டு பேருக்கும் பேச்சு தீர்ந்துவிட்டது.

அபிரா அன்று என்னிடம் வந்திருந்தாள். வேலையாட்களின் பிள்ளைகள் தீவின் படகுத்துறையைத் தாண்டி உள்ளே வரக்கூடாது. அதனால் அவள் துறைப் பலகையில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் போய்ப் பக்கத்தில் இருந்துகொண்டாள். பின்னேரம் வரை இருவரும் வாத்துகளுக்குப் பெயர் வைத்தார்கள். பிள்ளையை இங்கேயே படிக்க வைக்கப்போகிறேன் என்று நான் பெருமையாகச் சொன்னேன். அவள் யோசித்துவிட்டுக் கேட்டாள்: "காசு குடுத்து ரெண்டு நாள் வந்த எங்களுக்கே போரடிச்சுப் போச்சு அக்கா, பாப்பா இங்க டெய்லி என்ன பண்ணுவா?"

நிறைந்த தட்டு

சமையலறையில் உதவிக்கு நின்ற செல்வம் அண்ணைக்கு விடுதியின் உணவுமுறை பிடிபடவே இல்லை. பெரிய தட்டு, அதன் நடுவில் சின்னத் துண்டு மீன், ஓரத்தில் ஒரு பச்சை இலை. "இதென்ன தங்கச்சி, ஆரோ சாப்பிட்டு முடிச்ச தட்டு மாதிரிக் கிடக்கு" என்பார்.

ஒரு மத்தியானம் தலைமைச் சமையற்காரர் அக்கரைக்குப் போயிருந்தார். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு ஜெர்மன் அம்மா தனியாக வந்து சன்னலோரம் இருந்தார். "பாவம், தனிய வந்திருக்கிறா" என்று சொல்லி, செல்வம் அண்ணை தட்டு நிறைய உருளைக்கிழங்கு குவித்து, அதற்கு மேல் குழம்பும் ஊற்றித் தந்தார். பரிமாற ஆளில்லாததால் நான் கொண்டுபோய் வைத்தேன். அந்த அம்மா இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து இருந்தார். வாசலை ஒருமுறை பார்த்துவிட்டு, சின்னக் குரலில் கேட்டார்: "இதை முழுக்கச் சாப்பிட்டு முடித்தால்தான் எழும்பலாமா?"

சன்னலோர மேசை

செல்வம் அண்ணை பதறிக்கொண்டு ஓடி வந்தார். "ஐயோ அம்மா, ஏலாட்டி விட்டிட்டு எழும்புங்கோ!" என்று தமிழிலும் ஜெர்மனிலும் கலந்து சொல்லி, தட்டை எடுத்துக்கொண்டு போய், தேநீரோடு திரும்பி வந்தார். அந்த அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பெயர் ஹெல்கா. பிள்ளைகள் இல்லத்துக்கு வந்தவர்களில் அவரும் ஒருவர். இதே அறையில், தட்டு காலியாகும்வரை எழும்ப விடமாட்டார்களாம். மற்றப் பிள்ளைகள் விளையாடப் போன பிறகும் இதே சன்னல் பக்கம் தனியே இருந்திருக்கிறார். பிறகு ஏன் திரும்பி வந்தீர்கள் என்று கேட்டேன். நினைத்த நேரம் இந்த மேசையை விட்டு எழும்பிப் போய்ப் பார்க்க வேண்டும் போல இருந்ததாம்.

அவரைத் தேற்ற நினைத்து என் மகளைப் பற்றிச் சொன்னேன். என் பிள்ளைக்கு அப்படி வராது, அவளை என்னோடேயே வைத்துக்கொள்ளப் போகிறேன் என்றேன். அவளே அப்படிக் கேட்டாளா என்றார் ஹெல்கா. அவளுக்கு ஆறு வயதுதானே என்றேன். அவர் தேநீரை மெதுவாகக் கலக்கினார். "எனக்கும் அப்போது ஆறு வயதுதான். கேட்டிருந்தால், ஒருவேளை வருகிறேன் என்றே சொல்லியிருப்பேன். ஒருவரும் கேட்கவில்லை."

இரண்டு கேள்விகள்

அன்றே கரைக்கு வந்து கணவருக்குத் தொலைபேசி எடுத்தேன். பிள்ளை பேர்லினில் இருக்க விரும்பினால் உங்களால் ஏலுமோ என்று கேட்டேன். அவர் சொன்னார்: "காலமை வேலைக்கு மாறலாம் எண்டு முதலாளியிட்ட எப்பவோ கதைச்சு வைச்சிட்டன், நீர்தான் கேக்கேல்லை."

அடுத்த முறை அபிரா வந்தபோது துறைப் பலகையில் அவளுக்குப் பக்கத்தில் இருந்தேன். இங்கே படிக்கலாம், பேர்லினிலும் படிக்கலாம், இரண்டும் நல்ல பள்ளிக்கூடம்தான் என்று ஒரே குரலில் சொல்ல மிகவும் முயன்றேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, நான் எதைச் சொன்னாலும் நீங்க அழமாட்டீங்களோ?"

"இல்லையம்மா, அழமாட்டன்."

"அப்பாட்ட இருந்தா லீவு நாளில வருவீங்களோ?"

"ஓம், கட்டாயம் வருவன்."

கட்டியவர், பிள்ளைகளைப் பிரித்து வைத்தவர், வாங்கியவர் என்று அந்தத் தீவின் வரலாறு முழுக்கப் பெரியவர்களின் முடிவுகளாக இருக்க, எனக்குத் தெரிந்து அங்கே ஒரு பிள்ளையிடம் கேட்டு எடுத்த முடிவு ஒன்றே ஒன்றுதான்: அபிரா அப்பாவோடு பேர்லினில் படிக்கிறேன் என்றாள்.